எங்கே என்னும் சொல்

வெள்ளை வேட்டி உடுத்தியிருந்தார். நெற்றியில் நீறு இருந்தது. தோளில் கயிறு இருந்தது. இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதெல்லாம் வேதாம்பாளின் மனம் ஏதோ ஒரு விளிம்புவரை நடந்து, அதற்குக் கீழே எட்டிப் பார்க்க மாட்டாமல், மறுபடியும் வேட்டிக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. வெளுத்த வேட்டி. பெட்டியின் அடியில் கிடந்ததைத் தாமே எடுத்து உடுத்தியிருந்தார். அறிவிப்பு ஆட்டோ தெருமுனையில் நின்று, புன்னைத்துறை மக்கள் அனைவரும் உடனே பேருந்தில் ஏறிப் புயல் பாதுகாப்பு மையத்துக்குச் செல்லுமாறு கரகரத்துக்கொண்டிருந்த வேளை அது. அவள் ரேஷன் அட்டையையும் பட்டாவையும் பாலித்தீன் பைக்குள் திணித்து வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையிலிருந்து கணவர் வெளியே வந்தார். நிலைப்படியில் நின்று அவளைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். "நீ இவங்களோட பஸ்ஸுல ஏறிடு புள்ள. நான் வந்துர்றேன்" என்றார். அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் இன்னும் அப்படியே மூடியிருப்பது போலத்தான் இருக்கிறது, இதோ தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய இந்தக் கூடத்தில், சன்னல் ஓரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து அவள் உட்கார்ந்திருக்கும் இந்நேரத்திலும். ஊரே உள்ளே இருக்கிறது. நனைந்த துணியின் வாடை, குழந்தைகளின் மூத்திர வாடை, அடுப்பில் கொதிக்கும் சாம்பார் சாதத்தின் வாடை எல்லாம் ஒன்றாகிக் கனத்து நிற்கின்றன. கடல் இங்கிருந்து தொலைவு. ஆயினும் அதன் இரைச்சலைக் காது கேட்பதற்கு முன்னமே முதுகு கேட்டுவிடுகிறது. சுவர் அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்வுக்கும் வேட்டி, நீறு, கயிறு என்று மனம் எண்ணுகிறது. செபமாலை உருட்டுகிறவள் மணியை விட்டு மணிக்குப் போவது போலப் போய், நாயகமணியைத் தாண்டக் கூடாதென்று திரும்பிவிடுகிறது.

கிராம நிர்வாக அலுவலர் அவளைத் தேடிக்கொண்டு வந்தபோதும் அவள் மனம் கயிற்றில்தான் நின்றிருந்தது. சேலத்துப் பக்கத்துப் பிள்ளை அவர். இவ்வூருக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. கால்சட்டை முழங்கால் வரை சேறு. "கலியமூர்த்தி வீட்டம்மா நீங்கதானே? அவரு இன்னும் வரலயாமே. எங்கம்மா போனாரு?" என்றார். எங்கே. அந்தச் சொல்லை எத்தனை எளிதாக அந்தப் பிள்ளை வாயில் போட்டு மென்று துப்பிவிட்டது. வேதாம்பாள் அவர் முகத்தையே பார்த்தாள். "சொல்லலிங்க." "நீங்க கேக்கலயா?" பக்கத்தில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த செல்லக்கிளி, அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எதற்கும் முன்னால் பாய்கிற வாய்க்காரி, தலையைத் தூக்கினாள். "கெளம்புற ஆம்பளைய எங்கன்னு கேப்பாங்களா சார்? ஒங்க ஊர்ல மலையேறப் போவாங்க, கேப்பாங்களா இருக்கும். இஞ்ச தண்ணிக்குப் போறவங்க. கேட்டா போனது திரும்பாது." "புயல் வருதும்மா. அவரு மீன்புடிக்கவா போனாரு?" "எதுக்குப் போனா என்னா. வாசப்படி ஒண்ணுதானே." அலுவலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபப்படக்கூட நேரமில்லாத களைப்பு அதில் இருந்தது. வேதாம்பாளுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். மதகுப் பாலத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஆற்றுமுகம், படகுகள், அதற்கப்பால் சவுக்குத்தோப்பு. வலப்பக்கம் உப்பளம். பாலத்தின்மேல் இப்போதே தண்ணீர் நடக்கிறது. "ஜீப்பு இருக்கு. யூசுப் பாய் ஓட்டறேன்னு சொல்றாரு. ஆனா ஒருதடவதாம்மா போய்ட்டு வரமுடியும். ரெண்டு பக்கமும் முடியாது. எந்தப் பக்கம்னு யோசிச்சுச் சொல்லுங்க. நான் கீழ வண்டிக்கு டீசல் ஊத்திட்டு வர்றேன்." எழுந்து போனார். யோசிக்கச் சொன்னார். அவள் நண்பகலிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறாள்?

மணமாகி வந்த புதிதில் ஒரு விடியற்காலையில் அவள் கேட்டிருக்கிறாள். துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாசலைக் கடந்தபோது, பிறந்த வீட்டுப் பழக்கத்தில், அவள் அப்பன் உழவன் ஆகையால் அங்கே யாரும் யாரையும் எங்கே என்று கேட்கலாம் என்பதால், எங்கே போறீங்க என்று கேட்டுவிட்டாள். அவர் திட்டவில்லை. நின்றார். துடுப்பைச் சுவரில் சாத்தினார். திரும்பி வந்து, அடுப்படியில் அவளுக்கெதிரே உட்கார்ந்து, அன்று முழுவதும் கடலுக்குப் போகாமல் அவள் மீன் ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் சினமில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. மாமியார் சாயங்காலம் அவளைத் தனியே அழைத்து, "நம்ம வாயி நம்மகிட்ட இருக்கணும்டி. அது போறவங்களுக்கு முன்னால போயி நிக்கக் கூடாது" என்றாள். அன்றைக்கு அடைத்த வாய். அதன்பின் கேளாமலே தெரிந்துகொள்ளும் வித்தை ஒன்றை அவளே கற்றாள். துண்டு தலையில் கட்டியிருந்தால் படகு. தோளில் தொங்கினால் கடைத்தெரு. இடுப்பில் சுற்றியிருந்தால் வலை பின்னும் கொட்டகை. புகையிலைப் பொட்டலத்தை மறந்து போனால் சீக்கிரம் திரும்புவார்; அதை மடியில் வைத்து இரண்டு முறை தட்டிப் பார்த்தால் உலை இறக்கியபின்னும் காத்திருக்க வேண்டும். அடையாளங்களால் மட்டுமே அறியப்படுகிற கடவுளை வழிபடுகிறவள் போல அவள் அவரை வாசித்தே வாழ்ந்துவிட்டாள். அவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று நேரே கேட்டதில்லை. கேட்பதற்கு அந்த ஒரு சொல்லும் வேண்டியிருந்தது, அந்தச் சொல்லோ தடுக்கப்பட்டிருந்தது. துறைக்கோயிலில் ஓதுவார் ஐயா நஞ்சுண்ட கதை சொல்லும்போது அவள் மற்றவர்களைப் போல உருகியதில்லை. இறைவன் நஞ்சை விழுங்கினால் உள்ளேயிருக்கும் உலகங்கள் எரியும், உமிழ்ந்தால் வெளியேயிருக்கும் உலகங்கள் எரியும், ஆகவே கண்டத்திலேயே வைத்தான் என்று அவர் சொல்லும்போது, அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இங்கேயும் ஒன்று நிற்கிறது, சாமி. உனக்கு நீலமாய்த் தெரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கயிறு என்றால் படகு. அப்படித்தான் எவரும் சொல்வார்கள். நைலான் கயிறு, பச்சை நிறம், படகை மேட்டில் இழுத்துக் கட்டுகிற கயிறு. ஆற்றுமுகத்துக்குத்தான் போயிருப்பார். போயிருப்பார் என்று நினைக்கும்போதே உடம்பு கொஞ்சம் இளகுகிறது, ஏனென்றால் அது உயிரை விரும்புகிற மனிதன் செய்கிற வேலை. நாளைக்கும் கடலுக்குப் போக வேண்டும், படகு வேண்டும் என்று நினைக்கிறவன் செய்கிற வேலை. ஆனால் படகை நேற்றே கட்டியாயிற்றே. தெருவாரெல்லாரும் சேர்ந்து இழுத்து, சங்கத்துக் கொட்டகையின் பின்னால் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டினார்களே, அவரும் தோள்கொடுத்தாரே. மறுகட்டுப் போடப் போயிருக்கலாம். வெள்ளை வேட்டியிலா? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எந்த மனிதன் சேற்றில் இறங்கிப் படகுக்கு மறுகட்டுப் போடுவான்? அந்த வேட்டியை அவர் ஆண்டுக்கு ஒரு முறைதான் எடுப்பார், தாயின் திதியன்று. குளித்து, நீறு பூசி, அந்த வேட்டியோடு போய், யாரிடமும் பேசாமல் வந்து, தாமே துவைத்துக் காயப்போடுவார். அவள் தொட்டதில்லை. தாயின் திதி இன்றைக்கில்லை. பின்னே எதற்கு? நீறு எதற்கு? எங்கே போகிறவன் நீறு பூசிப் போவான்? கோயிலுக்குப் போகிறவன். காரியத்துக்குப் போகிறவன். இன்னும், இன்னும்... வேண்டாம். சன்னல் பலகை ஒன்று திடுமென்று பறந்து சுவரில் மோதிற்று; பெண்கள் குழந்தைகளை இழுத்து அணைத்தார்கள்; ஆண்கள் இருவர் ஒரு மேசையைக் கவிழ்த்துச் சன்னலில் முட்டுக்கொடுத்தார்கள். செல்லக்கிளி, "இது தொடக்கந்தான், இன்னும் அது இஞ்ச வரவேயில்ல" என்றாள், ஏதோ வரவேண்டிய விருந்தாளியைச் சொல்வது போல. அது வரவில்லை. அவரும் வரவில்லை. இருவரும் ஒரே வழியில் வருகிறார்கள்.

வேண்டாம் என்றாலும் சவுக்குத்தோப்பு வந்துவிட்டது. தோப்பின் ஓரத்தில்தான் சுடுகாடு. போன புயலின்போது அரசாங்கப் பேருந்து இதே போல் வந்தது. மாமியார் அப்போது உப்பளத்தில் மூத்த மகன் சிங்காரத்தோடு இருந்தாள், சிங்காரம் அங்கே காவல்காரர், ஓட்டுவீடு. கலியமூர்த்தி போய் அழைத்தார். தாய் வரவில்லை. எனக்கு இந்தச் சுவர் போதும், நீ போடா என்றாள். அண்ணன், "நான் பாத்துக்குறேன், நீ ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ" என்றார். இவர் வாசலில் நின்றார், நின்றார், பிறகு திரும்பி வந்துவிட்டார். மறுநாள் அந்தச் சுவர் தாயின்மேல் கிடந்தது. தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன் அல்லவா. ஈரவிறகு பிடிக்காமல் புகைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித்தான் பிடிக்கவைத்தார்கள். அந்தப் புகையில் நின்றபடி அவர் அண்ணனைப் பார்த்து, "ஒன்ன நம்பி உட்டுட்டு வந்தேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குப் பின் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. எல்லாரும் அது அண்ணன்மேல் வைத்த குற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். வேதாம்பாளுக்கு மட்டும் அந்த வாக்கியத்தின் முன்பாதி மறந்துபோய்ப் பின்பாதியே காதில் நின்றது. உட்டுட்டு வந்தேன். இரவுகளில் அவர் எழுந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறாள். மழை தொடங்கினால் சோறு இறங்காது. முந்தாநாள் வானொலியில் புயல் என்ற சொல் வந்ததும், பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "அம்மா சுவத்த நம்புச்சு பாரு" என்றார். அதற்கு அவள் என்ன சொன்னாள்? சாப்பிடுங்க என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது எத்தனையோ. வெள்ளை வேட்டி, நீறு, கயிறு, சவுக்குத்தோப்பு. இதோ விளிம்பு. இதோ அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். கீழே அவர் தொங்குகிறார். சிவனே, சிவனே என்று வாய் முணுமுணுக்கிறது, கண் மூட மறுக்கிறது, மூடினாலும் அதே. கொப்புகள் இந்தக் காற்றில் நிற்குமா, சவுக்கு இளமரம் ஆயிற்றே, வளையும், தாங்காது என்று ஒரு மனம் கணக்குப் பார்க்கிறது. அப்படிக் கணக்குப் பார்க்கிற மனத்தை வேறொரு மனம் காறி உமிழ்கிறது.

"ஏண்டி, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு. இந்தா, தண்ணி குடி" என்று செல்லக்கிளி தம்ளரை நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆத்துமொகத்துக்குத்தான் போயிருக்கும் அண்ணன். இடப்பக்கம்னே சொல்லிடு. படகுகிட்ட இல்லேன்னாலும் அந்தப் பக்கந்தானே தோப்பு" என்றாள். தோப்பு என்றதும் இருவர் கண்களும் சந்தித்து விலகின. ஆக இவளுக்கும் தெரிந்திருக்கிறது. வேட்டியோடும் கயிற்றோடும் அவர் தெருவில் நடந்ததை இவளும் பார்த்திருக்கிறாள், இவளும் கேட்கவில்லை, தெருவே பார்த்துக்கொண்டு நின்று கேட்காமல் வழிவிட்டிருக்கிறது. இடப்பக்கம் சொல்வதுதான் நியாயம். படகென்றாலும் அங்கே, மற்றதென்றாலும் அங்கே. வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது? பேசாத அண்ணன் இருக்கிறார். இடிந்த வீட்டுக்குப் பதிலாகக் கட்டிய குடிசை இருக்கிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விளங்காமல் கிடக்கிற அண்ணி பூமயில் இருக்கிறாள். பூமயிலக்கா. அவளைத் தூக்காமல் சிங்காரம் எந்தப் பேருந்தில் ஏற முடியும்? உப்பளம் வரை பேருந்து போயிற்றா? போகவில்லை என்றுதானே பேசிக்கொண்டார்கள். தம்ளரிலிருந்த நீர் அவள் மடியில் சிந்திற்று; ஈரம் பரவியது; உலர்ந்த துணி ஒன்று வேண்டும் என்று கை தானாகப் பையைத் துழாவியது. இரண்டு சேலை வைத்தாள். ஒன்றுதான் இருந்தது. மஞ்சள் கரை போட்ட நூல்சேலையைக் காணோம். கொடியிலிருந்து எடுத்து மடித்தாளே, பாலித்தீன் உறையில் சுற்றினாளே. அப்போது அவர் அவளைத் தாண்டிப் போனார், தோளில் கயிறு, கக்கத்தில், ஆம், கக்கத்தில் ஏதோ இடுக்கியிருந்தார், வெள்ளைக்குள்ளே மஞ்சள் தெரிந்தது. வேட்டிக் கரை என்று நினைத்தாள். அந்த வேட்டிக்கு மஞ்சள் கரை ஏது? சாகப் போகிறவன் பெண்பிள்ளையின் சேலையை நனையாமல் உறைக்குள் சுற்றி எடுத்துப் போவானா? நனைந்து வரப்போகிற ஒருத்திக்கு மாற்றிக்கொள்ளத் துணி அது. வேட்டியும் நீறும், பேசாத அண்ணன் வாசலில் போய் நிற்பதற்கு. தாயின் முன் நிற்பது போல நிற்பதற்கு. கயிறு எதற்கோ, அது தெரியவில்லை, தெரிய வேண்டாம். அவர் அண்ணனைக் கூட்டிவரப் போயிருக்கிறார். இத்தனை காலம் படித்த அடையாளங்களில் இதைப் போலத் தெளிவாக அவரை அவள் என்றுமே படித்ததில்லை. ஐயா, என் பெருமானே, நான் அவரை நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்தேனே.

அவள் எழுந்து படியிறங்கினாள். கீழே தூண்களுக்கிடையில் ஜீப் உறுமிக்கொண்டிருந்தது. காற்று மழையைக் கிடையாக அடித்தது. மாடுகள் சில, அவிழ்த்துவிடப்பட்டவை, தூணோடு தூணாக ஒண்டி நின்றன. "உப்பளம்" என்றாள். அலுவலர் காதில் விழவில்லை. "உப்பளங்க. அவங்க அண்ணன் வீட்டுக்கு." "நிச்சயமாவா?" என்று கேட்டார் அவர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து யூசுப் எட்டிப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், மீன் லாரி ஓட்டியவர், அவர் மகள் வீட்டார் எல்லாரும் மேலே கூடத்தில் இருக்கிறார்கள். "வேதாம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏறுங்க சார், யோசிச்சா தண்ணி யோசிக்காது" என்றார். வண்டி நகர்ந்தது. பின்விளக்கின் சிவப்பு மழைக்குள் கரைந்த பிறகுதான் அவளுக்கு அந்த ஐயம் வந்தது: அவர் போன இடத்தைச் சொன்னேனா, அவர் போயிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட இடத்தைச் சொன்னேனா? சேலை உண்மையில் கக்கத்தில் இருந்ததா, அல்லது வீட்டிலேயே கட்டிலின்மேல் விட்டுவிட்டு வந்தாளா? பரபரப்பில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று யாருக்குத் தெரியும். ஒருவேளை இந்நேரம் அவர் தோப்பில், கடைசியாக யாராவது வருவார்களா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரோ. வண்டி வந்தால் கீழே இறங்கிவிடலாம் என்று நிற்கிறாரோ. வண்டி மறுபக்கம் போய்விட்டது. அவள் சொல்லால் போய்விட்டது. இரண்டு பேரையும் வேறு அனுப்பிவிட்டாள், ஒரு நூல்சேலையை நம்பி. மேலே ஏறி வந்து அதே சுவரில் அதே இடத்தில் முதுகைச் சாய்த்தாள். கூடத்தின் மூலையில் ஓதுவார் ஐயா கண்ணை மூடிப் பதிகம் பாடத் தொடங்கியிருந்தார். காற்றின் ஓலத்துக்கும் அவர் குரலுக்கும் இடையே ஒரு பந்தயம் நடந்தது. சில அடிகள் கேட்டன, சில அடிகளைக் காற்று தின்றது. ஊழிக்காலத்தில் எல்லாம் ஒடுங்கியபின் ஒருவன் மட்டும் நின்று ஆடுவான் என்று அவர் சொன்னதுண்டு. எல்லாம் ஒடுங்கியபின் அவன் யாருக்காக ஆடுகிறான் என்று வேதாம்பாள் ஒருமுறை கேட்க நினைத்து, கேட்கவில்லை. கேட்காததெல்லாம் இப்போது வரிசையாய் வந்து நிற்கிறது. பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அம்மாவை நினைத்தீர்களா என்று கேட்டதில்லை. உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. அவர் வந்தவுடன், தலையைத் துவட்டுவதற்கு முன்னால், இந்தச் சனங்களின் நடுவிலேயே கேட்டுவிட வேண்டும். என்ன கேட்பது என்று தேடினாள். வாயில் ஒன்றும் வரவில்லை. சாம்பார் சாதம் வைத்துக்கொண்டு வந்தவர்கள் அவளுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். அது ஆறிக்கொண்டிருந்தது. தெய்வமே, அதைத் தொட்டால் அவர் வரமாட்டார் என்று ஏன் தோன்றுகிறது, தொடாவிட்டால் வருவார் என்பதற்கு மட்டும் நீ என்ன வாக்குக் கொடுத்திருக்கிறாய்?

ஜீப்பின் ஒலிப்பான் கேட்டது. கூடம் முழுவதும் எழுந்து நின்றது. படியில் முதலில் யூசுப் வந்தார், முதுகில் பூமயில், அவள் தலை தோளில் தொங்கிற்று, மூச்சு விசிலடித்தது. பின்னால் சிங்காரம், இடுப்புவரை சேறு, சட்டை கிழிந்து. அதற்குப் பின்னால் அலுவலர். அதற்குப் பின்னால் கதவு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், உப்பளந்தான், அவர் வண்டியிலிருந்து இறங்கி வருகிறார், மாட்டை ஒதுக்கிவிட்டு வருகிறார் என்று அவள் கதவையே பார்த்தாள். அலுவலர் திரும்பி அதை இழுத்துச் சாத்தி இரும்புத் தாழைப் போட்டார். சிங்காரம் அவள் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார், தம்பி மனைவியின் முன் உட்காருவது முறையல்ல என்பதெல்லாம் மறந்து. "வந்தான் தாயி" என்றார். "வந்து வாசல்ல நின்னான். அண்ணேன்னான். எத்தன வருசமாச்சு அவன் வாயால கேட்டு. அந்த வெள்ள வேட்டில அம்மா கூப்புடுறாப்புல இருந்துச்சு எனக்கு. ரோடு முங்கிடும், பின்னால உப்பனாத்தத் தாண்டி மணல்மேட்டு வழியாப் போயிடலாம்னான். கயித்த இந்தப் பக்கம் குடிசத் தூண்ல கட்டுனான். அந்தப் பக்கம் பனையில கட்டுனான். நீ அண்ணிய முதுவுல போட்டுக்கிட்டு கயித்தப் புடிச்சுட்டு எறங்கு, நான் நடுத்தண்ணில நின்னு வாங்கிக்கிறேன்னான். கழுத்தளவுத் தண்ணியில எறங்கி நின்னான். நான் உள்ள போயி இவளத் தூக்குறேன், முன்பக்கம் வண்டி வந்து நிக்குது." சிங்காரம் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். "இவளுக்கு மூச்சுத் தெணறுது. தூக்கி ஏத்திட்டாங்க. நான் குடிசைக்குப் பின்பக்கம் ஓடுனேன். கத்துனேன். மழையில அந்தக் கரை தெரியல, அவனும் தெரியல. கயித்தப் புடிச்சு ரெண்டுதரம் இழுத்தேன், நாங்க வரலடா, நீ போயிடுன்னு. அவன் திருப்பி இழுத்தான் தாயி. வா, வான்னு இழுத்தான்." அலுவலர் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒலிப்பானை அடித்துப் பார்த்தோம், கரை உடைந்து வண்டி அந்தப் பக்கம் இறங்க முடியவில்லை, பாலம் எங்களுக்குப் பின்னாலேயே முழுகிவிட்டது, தீயணைப்புக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், காற்று தணிந்ததும் வருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காற்று தணிந்ததும். அது இன்னும் வரவேயில்லை.

பூமயிலை அவள் மடியில் கிடத்தினார்கள். வேறெங்கே கிடத்துவது, அவள்தானே உறவு. அந்தத் தலை கனமாக இருந்தது, பற்கள் அடித்துக்கொண்டன, வேதாம்பாளின் கை தன்போக்கில் முந்தானையால் அந்த நரைமுடியைத் துவட்டத் தொடங்கிற்று. அவள் உப்பளம் என்று சொல்லாதிருந்தால் வண்டி போயிருக்காது. வண்டி போகாதிருந்தால் இவர்கள் கயிற்றைப் பிடித்து இறங்கியிருப்பார்கள். நடுத்தண்ணீரில் அவர் வாங்கியிருப்பார். மூவரும் மணல்மேட்டில் ஏறியிருப்பார்கள். அல்லது மூவரும் போயிருப்பார்கள். அதையும் அறிய வழியில்லை. அவள் அறிந்தது ஒன்றே, வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவரைப் பிழையின்றி அறிந்தாள், அந்த அறிவு போய் அவரைத் தண்ணீரில் தனியே நிறுத்திவிட்டது. சுவர் அதிர்ந்தது. பூமயில் கண்ணைத் திறந்து, "கலியன் எங்க" என்று கேட்டாள். நோயாளிக்கு எந்த முறையும் இல்லை. "வருவாரு அக்கா. கண்ண மூடு" என்றாள் வேதாம்பாள். சிங்காரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஆறுதல் சொல்வதாக எண்ணி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: "உட மாட்டான் தாயி. எறங்குறப்ப அம்மா மேல ஆணையா சொன்னான், போன தடவ உட்டுட்டுப் போனேன், இந்தத் தடவ நீங்க வர்ற வரைக்கும் உடமாட்டேன்னு." அவள் கண்ணை மூடினாள். துறையைக் காக்கிற பெருமானே, அவருக்குக் கோபத்தைக் கொடு. அண்ணன் மறுபடியும் ஏமாற்றிவிட்டான், வரமாட்டான், இவன் குணமே இதுதான் என்று அவர் நெஞ்சு கசந்துபோகச் செய். ஆணையை மறக்கச் செய். போன தடவை வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாரே, அது பாவம் என்று இத்தனை காலம் சோறிறங்காமல் கிடந்தாரே, அந்தப் பாவத்தை இன்னும் ஒருமுறை செய்ய அவரை விடு. விட்டுவிட்டு வரட்டும். எல்லாரையும் விட்டுவிட்டு வரட்டும். வேண்டிக்கொண்டே இருந்தாள், அவளுக்குத் தெரியும், அவர் விடமாட்டார்.